தேனை எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட முடியுமா?

கல்லூரித் திட்டப்பணிக்காக மலைவாழ் மக்களின் அறிவை ஆவணப்படுத்தக் கிளம்பும் ஒரு மாணவர் கேட்டது இது: "மூலிகை, தேன், காட்டுத்தீ, மழை என்று பழங்குடி மக்களிடம் பயனுள்ள அறிவு நிறைய இருக்கிறது. கூடவே சாமி, முன்னோர் ஆவி, மந்திரம், தீட்டு என்று நம்பிக்கைகளும் கலந்திருக்கின்றன. நம்பிக்கைகளை ஒதுக்கிவிட்டு அறிவை மட்டும் தனியாக எழுதினால் என்ன? தகவல் சேகரிக்கும் படிவத்தை எப்படிப் போடலாம்?"

எழுதலாம். நூறு வருடங்களுக்கு மேலாகப் பலர் அப்படித்தான் எழுதி வருகிறார்கள். ஒரு பக்கம் செடிகளின் பட்டியல், இன்னொரு பக்கம் சடங்குகளின் பட்டியல். இரண்டும் வேறு வேறு அலமாரிக்குப் போய்விடும். முதல் பட்டியலை மருந்து ஆராய்ச்சிக்காரர் படிப்பார், இரண்டாவதை நாட்டாரியல்காரர் படிப்பார். அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்தால் இரண்டிலும் தன் வாழ்க்கை இல்லை என்பார். உங்கள் கேள்வியில் நல்லெண்ணம் இருக்கிறது, அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நீங்கள் "கலந்திருக்கின்றன" என்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லில்தான் சிக்கல். அரிசியில் கல் கலந்தால் புடைத்து எடுத்துவிடலாம். இது அந்த மாதிரி கலப்பு இல்லை.

எனக்குத் தெரிந்தது மேற்குத் தொடர்ச்சி மலைதான். அதனால் நீலகிரி, பிலிகிரிரங்கன் மலை, அகத்தியமலை இவற்றை வைத்தே பேசுகிறேன். ஒடிசாவுக்கு ஒரு முறை மட்டும் போய் வருவோம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் 36 பழங்குடிகள் அட்டவணையில் இருக்கிறார்கள். அவர்களில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் தனிக் கவனம் தேவைப்படுபவை என்று அரசு வகுத்திருக்கிறது. ஆறு பேருமே நீலகிரியில் இருக்கிறார்கள். ஒரே மாவட்டத்துக்குள் எருமையைச் சுற்றி வழிபாடு அமைந்தவர்களும், உலைக்களத்தில் வேலை பார்ப்பவர்களும், பாறையில் தேன் எடுப்பவர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஆக, 'பழங்குடி நம்பிக்கை' என்று ஒற்றையாக ஒன்று கிடையாது. உங்கள் அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதும் இடத்தில் எல்லாம் எந்த மக்கள், எந்த ஊர் என்று எழுதுங்கள்.

சரி, தேனிலிருந்து தொடங்குகிறேன்.

கோத்தகிரிக்குக் கீழே இறங்கும் சரிவுகளில் ஆலுக்குறும்பர் ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், தேனெடுப்புக்கு முந்தைய சில நாட்கள் நான் தங்கியிருந்தேன். கோடைக் காலம். பாறை முகட்டுக்குக் கீழே கறுப்பாக, தட்டையாக, ஒரு ஆள் கையை விரித்தால் எவ்வளவோ அந்த அகலத்துக்கு மலைத்தேனீயின் அடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தத் தேனீ பொந்துக்குள் கூடு கட்டாது, பெட்டியில் வளர்க்கவும் முடியாது. ஒரே அடைதான், அதுவும் திறந்தவெளியில். காடு பூக்கும்போது வரும், மழை பிடித்ததும் கிளம்பிவிடும், அடுத்த வருடம் அதே பாறைக்குத் திரும்பும். எந்தப் பாறை எந்தக் குடும்பத்தாருடையது என்பதற்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது. காகிதத்தில் அது எங்கும் இல்லை.

காட்டுக்கொடியை அறுத்து முறுக்கி நூலேணி செய்து கொண்டிருந்தார்கள். இறங்கப் போகும் இளைஞன் அந்த நாட்களில் குடிக்கக் கூடாது, மனைவியோடு சேரக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது. மேலே நின்று ஏணிக் கயிற்றைக் காவல் காக்கப் போகிறவர் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். நான் சும்மா இராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்: "ஏன், கூடப்பிறந்த அண்ணன் பிடிக்கக் கூடாதா?"

"அண்ணன் தம்பின்னா நிலம் நீச்சுன்னு மனசுல எதாவது இருக்கும் தம்பி. மச்சானுக்கு அப்படி இல்ல. அவன் கூடப்பிறந்தவ வாழ்க்கை அந்தக் கயித்துல தொங்குது. விடமாட்டான்."

மறுநாள் பாறை உச்சியில் சாமிக்குப் படைத்தார்கள். பச்சிலைக் கட்டில் புகை போட்டார்கள். இளைஞன் இறங்கினான், பாடிக்கொண்டே இறங்கினான். பாட்டு தேனீக்களைப் பார்த்துப் பாடுவது. அவற்றைப் புகழ்ந்து, உறவு சொல்லி அழைத்து, கோபப்படாதே என்று கேட்டுக்கொள்வது. பாறை உள்வாங்கியிருந்ததால் கொஞ்ச தூரம் இறங்கியதுமே அவன் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டான். பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை அது நின்றது. மச்சானுடைய முழங்கை நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். மறுபடி பாட்டு வந்தது. அவர் மூச்சு விட்டார். நானும்தான்.

இப்போது இதை உங்கள் படிவத்தில் நிரப்புவோம். புகை, கொடி, பருவம் மூன்றும் 'அறிவு' பத்தியில் போகும். விரதம், படையல், பாட்டு மூன்றும் 'நம்பிக்கை' பத்தியில் போகும். மச்சானை எங்கே போடுவீர்கள்? அவர் உறவுமுறை. ஆனால் அந்த மலையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அவர்தான். பாட்டை எங்கே போடுவீர்கள்? அது வழிபாடு. ஆனால் கீழே இருப்பவன் உயிரோடு இருக்கிறான் என்று மேலே இருப்பவனுக்குத் தெரிவது அதனால்தான். குடிக்காமல், சண்டை போடாமல், நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவன் இறங்குகிறானே, அந்த விரதத்தை எங்கே வைப்பது?

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நானும் பல வருடம் செய்தேன். "ஆக, பாட்டின் உண்மையான காரணம் பாதுகாப்புதான். அதைச் சொல்லத் தெரியாமல் சாமி பெயரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்" என்று எழுதிவிடுவோம். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் அது அவர்களை மட்டம் தட்டுவது. பாட்டின் காரணத்தை அவர்களே சொல்கிறார்கள்: தேனீக்கு அந்தப் பாறை வீடு, நாம் அதன் வீட்டுக்குப் போய்க் கேட்காமல் எடுக்கிறோம், அதனால் பேச வேண்டும். இதுதான் அவர்கள் தரும் விளக்கம். நாம் கண்டுபிடித்த விளக்கம் கூடுதலாக ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். நம்முடையதை 'உண்மை' என்றும் அவர்களுடையதை 'நம்பிக்கை' என்றும் பெயர் போட்டு எழுத வேண்டாம்.

அடுத்தது தீ. இந்த விஷயத்தில் நம்பிக்கையும் அறிவும் பிரிக்கப்பட்டபோது என்ன ஆனது என்று காட்டிலேயே போய்ப் பார்க்கலாம்.

சத்தியமங்கலம் காடுகளுக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. சோளகர்களின் மலை. ஈரோடு மாவட்டப் பக்கமும் அவர்கள் இருக்கிறார்கள். அந்த மலையின் சாமி ரங்கநாதர், குசுமாலை என்ற சோளகப் பெண்ணை மணந்துகொண்டார் என்பது அவர்கள் கதை. ஆகவே ரங்கநாதர் சோளகர்களுக்கு மாப்பிள்ளை முறை. சாமியை 'பாவா' என்றுதான் சொல்வார்கள். காட்டுக்குள் பார்கவி ஆற்றங்கரையில் மிகப் பெரிய செண்பக மரம் ஒன்று நிற்கிறது. தொட்ட சம்பிகெ என்று அதற்குப் பெயர், பெரிய செண்பகம் என்று பொருள். அதன் வேரடியில் லிங்கங்களாக வணங்கப்படும் கற்கள் இருக்கின்றன. மலை முழுக்க ஒவ்வொரு குலத்துக்கும் அதன் எல்லை, அந்த எல்லைக்குள் சாமி இடம், மாரம்மா இடம், வீரர் இடம், இறந்தவர்களுக்கான கல், நீரூற்று என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சோளகரோடு காட்டில் நடந்தால் நூறு அடிக்கு ஒரு பெயர் வரும்.

அவர்கள் வருடா வருடம் சருகுக்குத் தீ வைத்தார்கள். தரகு பெங்கி என்பார்கள், சருகுத் தீ. கோடை முற்றுவதற்கு முன்னால், புல் முழுக்கக் காயாத நேரத்தில் வைப்பது. அப்போது தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது, தரையைத் துடைத்துக்கொண்டு போய் அணைந்துவிடும். பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது. புதுப் புல் முளைக்கும், உண்ணி குறையும், உண்ணிச்செடியின் நாற்றுகள் கருகும். நெல்லி மரத்தில் ஒட்டும் புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும். எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, எப்போது என்பதெல்லாம் அந்த இடங்களின் பெயர்களோடும், அவற்றைக் காக்கும் குலங்களோடும் பிணைந்தது.

1974-இல் அந்த மலை வனவிலங்கு சரணாலயம் ஆனது. சோளகர்கள் உள்காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, போடு எனப்படும் குடியிருப்புகளில் வைக்கப்பட்டார்கள். தீ வைப்பது குற்றம் என்று ஆனது. அதற்குப் பிறகு உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தையே பிடித்துக்கொண்டது. இன்று அங்கே நடந்தால் பல இடங்களில் தலைக்கு மேல் புதர்தான், ஒரு மானைக்கூடக் காண முடியாது. சருகும் புதரும் சேர்ந்து கிடப்பதால் இப்போது தீ பிடித்தால் முழங்கால் உயரத்தோடு நிற்பதில்லை, மரத்தின் மேல் ஏறிவிடுகிறது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிக் காய்ப்பு குறைந்தது. அந்த நெல்லிக்காயை விற்றுத்தான் பல குடும்பங்கள் பிழைத்துக்கொண்டிருந்தன. "தீயை நிறுத்தினீர்கள், அதனால்தான்" என்று சோளகர்கள் பல காலம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெங்களூரு சூழலியல் ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து அளந்து பார்க்கத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான். அந்த ஆய்வுகள் சோளகர்களின் பேச்சைப் பெரிதும் ஆதரித்தன.

சரி, அறிவு நிரூபணமாகிவிட்டதே, வனத்துறையே ஜனவரியில் ஆள் வைத்துத் தீ வைத்தால் போதாதா என்று கேட்கலாம். தீ வைப்பது தேதியைப் பார்த்துச் செய்யும் வேலை கிடையாது. இந்தச் சரிவில் இந்த வருடம் பனி அதிகம், இன்னும் பத்து நாள் போகட்டும் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அந்தச் சரிவு தன் குலத்தின் எல்லை என்று நினைத்து வருடம் முழுக்க அங்கே போய் வருபவருக்குத்தான் அது தெரியும். அவர் அங்கே போய் வருவதற்குக் காரணம் சாமி இடமும் முன்னோர் கல்லும். போக்குவரத்தை நிறுத்திவிட்டால் நாற்பது வருடத்தில் இரண்டு தலைமுறை அந்தச் சரிவைப் பார்க்காமலே வளர்ந்துவிடும். புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே 2011-இல் சோளகர்களின் சமூக வன உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்த உரிமை வந்தபோது, கடைசியாகச் சருகுத் தீ வைத்த பலர் கிழவர்களாகியிருந்தார்கள்.

மருந்துக்கு வருவோம். உங்கள் திட்டப்பணி முக்கியமாக அதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வாளர்கள் குழு ஒன்று ஏறியது. தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமை. வழிகாட்டிகளாக, அந்த மலையில் வாழும் காணிப் பழங்குடி இளைஞர்கள் சிலர் கூட வந்தார்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள், இடையிடையே ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே. கேட்டதும் அவர்கள் உடனே சொல்லவில்லை. அது வெளியாருக்குச் சொல்லக் கூடாதது. வற்புறுத்திக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். ஓடைக்கரை நிழலில் வளரும் சிறு செடி, ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வகத்தில் அதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, விஷ்ணுகிரந்தி, திப்பிலி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணமும், விற்பனையில் 2 சதவீதமும் தருவதாக ஒப்பந்தம் ஆனது. அதில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதென்று ஆய்வகம் முடிவு செய்தது. அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. அறிவைக் கொடுத்தவர்களுக்குப் பங்கு என்ற யோசனை உலகத்திலேயே புதிதாக இருந்த காலம் அது. இன்றும் மாநாடுகளில் முன்னுதாரணமாக இதைச் சொல்கிறார்கள். அந்த முயற்சியின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் கதையின் மறுபாதியை மாநாடுகளில் குறைவாகவே பேசுகிறார்கள். காணி மக்களிடையே மருத்துவம் எல்லோருக்கும் பொதுவானது அல்ல. அது பிளாத்தி எனப்படும் வைத்தியரிடம் இருப்பது. அவர் கொக்கரை என்ற இரும்புக் கருவியைக் கம்பியால் உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்ப்பவர். தான் தேர்ந்தெடுத்த சீடனுக்கு மட்டும்தான் மருந்தைச் சொல்வார். இளைஞர்கள் ஆய்வாளர்களுக்குக் காட்டிய செடி, அந்த மக்களின் முறைப்படி, அவர்கள் காட்டித் தரக் கூடியது தானா? பிளாத்திகள் சிலர் 1995-இல் அரசுக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று. அப்புறம் செடிக்கே தட்டுப்பாடு வந்தது. பயிரிட்டு இலை கொடுக்கச் சில காணிக் குடும்பங்கள் முன்வந்தன. காட்டுச் செடியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சி வனத்துறை தடுத்தது. தன் காட்டை விட்டு வெளியே வளர்த்தால் அந்தச் செடியில் அதே வீரியம் இருப்பதில்லை என்ற சிக்கலும் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில் நம்பிக்கை என்று நாம் ஒதுக்கிவைக்கும் பகுதி என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். யார் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாம், எவ்வளவு பறிக்கலாம் என்பதெல்லாம் பிளாத்தியின் மந்திரத்துக்கும் சீடன் முறைக்கும் உள்ளேதான் இருந்தது. அது ஒரு சட்டம். ஒப்பந்தம் எழுதியவர்கள் செடியைக் கண்டார்கள், சட்டத்தைக் காணவில்லை. பிறகு பங்கு கொடுக்க நினைத்தபோது, "யாரிடம் கொடுப்பது?" என்ற கேள்விக்கு ஒரு அறக்கட்டளையைப் புதிதாகவே உருவாக்க வேண்டியிருந்தது.

தோடர்களைப் பற்றிக் கொஞ்சம். எருமைகளும் பால்மனைக் கோயில்களும் எல்லோருக்கும் தெரிந்தவை, பூவேலைப்பாட்டுச் சால்வைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்களுடைய வழிபாட்டு மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1901-02-இல் நீலகிரியில் தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், தோடர் பால்மனைகளில் சொல்லப்படும் வேண்டுதல்களைக் குறித்துவைத்தார். அந்த வேண்டுதலின் பெரும்பகுதி பெயர்கள்தான். இந்த மலை, இந்தச் சுனை, இந்தத் தொழுவம், இந்த எருமைக் கூட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் அன்றாடப் பேச்சில் வராத தனிப் பெயர் உண்டு, குவார்சம் என்பார்கள். ஒவ்வொரு பெயரையும் சொல்லி, 'இதன் பொருட்டு' என்று பொருள்படும் சொல்லைச் சேர்ப்பார்கள். அதன் பிறகுதான் நோய் வராமல் இருக்கட்டும், சரிவில் எருமை விழாமல் இருக்கட்டும், மழை பெய்யட்டும், புல் தழைக்கட்டும் என்ற வேண்டுதல் வரும்.

அந்த வேண்டுதலை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் ஒரு நிலப்படத்தையே மனப்பாடமாக வைத்திருக்கிறார். நீலகிரியின் புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகையும் நட்டு, பள்ளத்தாக்குகளில் அணை கட்டிய பிறகு, பெயர்களில் சில இன்று இல்லாத இடங்களின் பெயர்கள். சதுப்பு காய்ந்துவிட்டது, கோயில் கூரைக்கு வேண்டிய புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. எங்கே எந்தச் சுனை இருந்தது என்று புல்வெளியை மீட்க வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமானால், அதைச் சொல்ல அந்த வேண்டுதல்தான் இருக்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்து, மலைமக்களின் நம்பிக்கை எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். குறும்பர்களின் கதையே போதும். படுகர் ஊர்களில் விதைப்புக் காலத்தில் முதல் ஏர் ஓட்டுவதும் முதல் விதை போடுவதும் குறும்பரின் உரிமையாக இருந்தது. காட்டின் சக்திகள் அவருக்குக் கட்டுப்பட்டவை என்ற நம்பிக்கை. அதே நம்பிக்கைதான் மாட்டுக்கு நோய் வந்தாலும் குழந்தை இறந்தாலும் குறும்பர் வைத்த சூனியம் என்று கை காட்டியது. 1835-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1882-இலும் 1900-இலும் கொலைகள் நடந்தன. மதிப்பும் பயமும் ஒரே வேரில் முளைத்தவை. உங்கள் அறிக்கையில் முதல் ஏரை மட்டும் எழுதி, கொலைகளை விட்டுவிடாதீர்கள்.

தோடர் பால்மனைக்குள் பெண்கள் போகக் கூடாது. பல சமூகங்களில் தீட்டு என்று பெண்களைத் தனிக் குடிசையில் வைப்பது இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே இளம்பெண்களிடம் பேசினால் இதைப் பற்றி அவர்களுக்கே சொந்தக் கருத்துகள் உண்டு. பூசாரியிடம் மட்டும் பேட்டி எடுத்துவிட்டு 'அந்த மக்களின் நம்பிக்கை' என்று எழுதினால், அது அந்த ஊரின் பாதிப் பேருடைய பேச்சுதான்.

நோயைப் பொறுத்தவரை நான் மிகத் தெளிவாக இருக்கிறேன். அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடையேதான் கண்டறியப்பட்டது. அது மரபணு நோய். குழந்தைக்கு எலும்பு நொறுங்குவது மாதிரி வலி வரும்போது சாமியாடியிடம் மட்டும் கொண்டுபோனால் குழந்தை இறந்துபோகலாம். ஆனால் "சாமியாடியிடம் போகாதே" என்று திட்டும் மருத்துவமனையில், அடுத்த முறை அந்தத் தாய் வரவே மாட்டாள். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது, பழங்குடிப் பெண்களே அங்கே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள். வருகிறவர்களின் மொழியும் பயமும் அவர்களுக்குத் தெரியும். சாமிக்கு முடிந்து வைத்த காசு முந்தானையில் இருக்க, கையில் மாத்திரையோடு ஒரு அம்மா வெளியே வருவதை அங்கே பார்க்கலாம். நம்பிக்கையை மதிப்பது என்றால் நடைமுறையில் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது ஒடிசா. நியமகிரி மலையில் டோங்ரியா கோந்த் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அந்த மலை நியமராஜா, தெய்வமும் முன்னோரும் ஒன்றாக. மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது, அதை வெட்டி எடுக்க ஒரு நிறுவனம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பில், சுரங்கம் அந்த மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த வருடம் மழைக்காலத்தில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

மலையில் எத்தனை ஓடை பிறக்கிறது, எத்தனை வகைப் பயிர், எவ்வளவு பழம் என்று அந்த மக்களால் மணிக்கணக்கில் சொல்ல முடியும், சொன்னார்கள். 'பயனுள்ள அறிவு' என்று அதை மட்டும் வைத்து வாதாடியிருந்தால், அதற்கு ஒரு விலை போட்டு இழப்பீடு கொடுத்துவிடலாம் என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். நியமராஜாவுக்கு இழப்பீடு நிர்ணயிக்க யாராலும் முடியவில்லை. மலையைக் காப்பாற்றியதில், நீங்கள் ஒதுக்கிவிடலாமா என்று கேட்ட பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

சட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தேவையான அளவு மட்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) பிரிவு, பல்லுயிர் வளத்தை அணுகும் உரிமையோடு, பாரம்பரிய அறிவின் மீதான சமூக உரிமையையும் வனவாசிகளுக்குத் தருகிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. அதில் 2023-இல் செய்த திருத்தத்தின்படி, சட்டம் குறிப்பிடும் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் ஏற்கெனவே பதிவான அறிவைப் பயன்படுத்தும் இந்தியர்கள் லாபத்தில் பங்கு தர வேண்டியதில்லை. வாய்மொழியாக ஒரு பாட்டியிடம் இருக்கும் அறிவு அந்த விலக்கில் வராது. ஆகவே நீங்கள் கேட்டு எழுதப் போவது அந்த ஊருக்குச் சொந்தமான ஒன்று. "சும்மா பேச்சுக்குக் கேட்டேன்" என்று எடுத்துக்கொண்டு வர முடியாது.

போவதற்கு முன் கிராம சபையிடமோ, ஊர்த் தலைவரிடமோ பேசுங்கள். காணிக் குடியிருப்பு என்றால் மூட்டுக்காணி இருப்பார். என்ன எழுதப் போகிறீர்கள், யார் படிப்பார்கள் என்று சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் மறுத்தது தான், இன்னொரு இளைஞனைத் தனியாக அழைத்துக் கேட்காதீர்கள். ஆரோக்கியப்பச்சையின் கதை தொடங்கியதே அப்படித்தான். சாமி இடங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக எழுதி வெளியிடாதீர்கள். அரிய மூலிகை வளரும் இடத்தையும் அப்படியே. எழுதி முடித்ததும் அதை ஊரில் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொல்வார்கள், சில பக்கங்களை எடுத்துவிடச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள்.

படிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செடியின் பெயர், பயன்படும் பகுதி, தீர்க்கும் நோய் என்று மூன்று பத்திகள் போட்டிருப்பீர்கள், எல்லோரும் போடுவது அதுதான். 'அறிவு', 'நம்பிக்கை' என்ற இரண்டு தலைப்புகளை அடித்துவிட்டு, இன்னும் மூன்று பத்தி சேருங்கள்: இதைப் பறிக்கும் முன் யாரிடம் கேட்க வேண்டும், யார் பறிக்கக் கூடாது, பறித்த பிறகு என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் இந்த மூன்றும் காலியாகவே இருக்கும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அடுப்படியில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் கேட்காமலேயே யாராவது ஆரம்பிப்பார்கள். அப்போது பேனாவை எடுக்காமல் முதலில் முழுக்கக் கேளுங்கள்.